தார் சுற்றிய பிறகுதான் தறி

எங்கள் பெரியவனுக்கு வயது நான்கும் மூன்று மாதமும். ஆனி மாதக் கடைசியில் வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, "எழுத உட்கார்ந்தாலே அழுகிறான். பென்சிலைப் பிடிக்க வீட்டில் பழக்குங்கள்" என்றார். அன்று மாலையே நான்கு கோட்டு நோட்டு ஒன்று வாங்கி வந்து அவனை உட்கார வைத்தேன். மூன்றாவது வரியில் பென்சில் தரையில் கிடந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "வலிக்கிறது அம்மா" என்றான். அவன் கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மாமனார் நாற்பது வருடம் கைத்தறியில் உட்கார்ந்தவர். தறியைக் கழற்றிப் பல வருடமாகிறது. தறிக்குழியின் மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல்தான் இப்போது அரிசி மூட்டை இருக்கிறது. அன்றைக்கு அவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்களை எடுத்தவுடனே தறியில் உட்கார வைக்கவில்லை அம்மா. இரண்டு வருடம் தார் சுற்ற வைத்தார்கள். கை பழகாதவனை நாடாவைத் தொட விடமாட்டார்கள்." தார் என்பது குறுக்கு நூலைச் சுற்றிய சின்னக் குழல். அதை உள்ளே வைத்துத் தறியில் குறுக்கே ஓட்டும் கட்டைதான் நாடா.

நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். ஆடி முதல் ஐப்பசி வரை, மாலையில் பால் குடித்த பிறகு, நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் கைவேலை மட்டும் என்று முடிவு செய்தோம். அந்த மாதங்களில் என்ன செய்தோம், எது சரிவரவில்லை, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். பிறகு ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்குகின்றன. நான்கு வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறையப் பாதிதான் தெரியும். கடைசி எலும்பு தொடங்குவதற்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். ஒரு வயதுக் குழந்தை பென்சிலைக் கரண்டிபோல முழு உள்ளங்கையால் பிடிக்கிறது. இரண்டு மூன்று வயதில் விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி நிற்கும்படி பிடிக்கிறது. மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல் பிடி வருகிறது, ஆனால் விரல்கள் அசையாமல் மணிக்கட்டே ஆடுகிறது. விரல் மட்டும் அசைந்து எழுதுவது நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிறது. எங்கள் பையன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தான். இதைப் படித்த இரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

தொடக்கத்தில் மாவு. சப்பாத்திக்குப் பிசையும்போது எலுமிச்சையளவு உருண்டை அவனுக்கும் ஒன்று. உருட்டு, தட்டு, கிள்ளு, பாம்பு செய். இதற்கு விளக்கம் தேவையில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரே ஒரு கவனிப்பு: மாவு மிருதுவாக இருந்தால் குழந்தை விளையாடும், ஆனால் விரலுக்கு வேலை இருக்காது. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பூரி மாவு பதத்தில் கொடுத்த பிறகுதான் அவன் தோளிலிருந்து அழுத்த ஆரம்பித்தான்.

அடுத்தது பசை. சேலத்தில் இருந்துகொண்டு கடையில் பசை டப்பா வாங்குவானேன்? செவ்வாய்ப்பேட்டைக் கடையில் மரவள்ளிக் கிழங்கு மாவு கால் கிலோ வாங்கினேன். சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாக உருளும் அதே மாவுதான். முதல் தடவை கொதிக்கிற தண்ணீரில் மாவை நேராகக் கொட்டிவிட்டேன். மேல் பக்கம் உடனே வெந்து உள்ளே பச்சை மாவு அடைபட்டு, சுண்டைக்காய் அளவில் கட்டி கட்டியாக நின்றது. வடிகட்டியும் பயனில்லை. மறுநாள் இரண்டு மேஜைக்கரண்டி மாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து, முக்கால் டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது மெல்ல ஊற்றிக் கிளறினேன். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோலத் தெளிந்து வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஆறினால் கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுகிறேன்.

இந்தப் பசையில் எனக்குப் பிடித்தது, பூசுவதற்குத் தூரிகை வேண்டாம் என்பதுதான். ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டு இழுக்க வேண்டும். பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டினான். தாள் கிழிப்பது சாதாரண வேலையில்லை. இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாளைக் கவ்விக்கொண்டு, ஒரு கை முன்னே போக, மற்றது பின்னே வர வேண்டும். முதல் வாரம் அவன் தாளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், கிழியவில்லை. ஓரத்தில் அரை விரற்கடை அளவு நான் வெட்டி விட்டுக் கொடுத்தேன். வெட்டிலிருந்து கிழிசல் தானாகப் புறப்பட்டது. பத்து நாளில் வெட்டு இல்லாமலே கிழித்தான்.

மணி கோப்பது இதற்கு அடுத்து வந்தது. வீட்டில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை, கணவர் விசைத்தறிக் கூடத்திலிருந்து கை நிறையக் கொண்டுவருவார். மணிக்குத் தாள் உறிஞ்சு குழல்களை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி வைத்தேன். நூலும் மணியும் கையில் கொடுத்தால் கோத்துவிடுவான் என்று நினைத்தேன். நூல் நுனி குழலின் வாயில் பட்டதும் மடங்கியது. மறுபடி மடங்கியது. எச்சில் தொட்டு முறுக்கிப் பார்த்தான், அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தட்டைத் தள்ளிவிட்டான்.

இந்த இடத்தில் "பொறுமை இல்லாத பிள்ளை" என்று சொல்வது எளிது. நானும் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமா நூலை வாங்கி, அந்தக் கிழங்குப் பசையில் நுனியை ஒரு விரல் நீளம் தோய்த்து, இரண்டு விரலால் உருவி, வெயிலில் கொடியில் போட்டார். அரை மணியில் நுனி ஊசிபோல விறைத்து நின்றது. தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் இதே காரியம்தான், நூல் பிசிறாமல் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த நூலைக் கொடுத்ததும் எட்டுக் குழல் கோத்தான். எட்டாவதைக் கோத்து நூலைத் தூக்கியபோது எல்லாம் மறுமுனை வழியே கொட்டிப்போயின. முதல் மணியை நூலின் மறுமுனையில் கட்டிவிட நான் மறந்திருந்தேன். அவன் உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தான்.

அந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அவன் ஒரு வேலையை மூன்று தடவை விட்டெறிந்தால் நான் அவனைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பேன். நூல் துவள்கிறதா, ஓட்டை சின்னதா, அட்டை வளைகிறதா, மேசை உயரமா? பெரும்பாலும் குறை அங்கேதான் கிடைத்தது. மேசை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் நாற்காலியில் அவன் கால் தொங்கியது. கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை நிற்காது. தரையில் பாய் போட்டு மணைப்பலகையைக் குறுக்கே வைத்தோம், சரியாகிவிட்டது.

இனி அட்டைத் தறி. இந்த நான்கு மாதத்தில் நாங்கள் அதிகம் உழைத்தது இதற்குத்தான்.

முதல் தறியை மிக்ஸி வந்த பெட்டியின் அட்டையில் செய்தேன். நீளம் 20 செ.மீ., அகலம் 15 செ.மீ. மேலும் கீழும் அரை செ.மீ. இடைவெளியில் வெட்டுப் போட்டு, கழிவு நூலையே பாவாக இழுத்துக் கட்டினேன். பார்க்க அசல் பாவுபோல அழகாக இருந்தது. அவனால் ஒரு வரிகூட நெய்ய முடியவில்லை. இழைகள் நெருக்கமாக இருந்ததால் எதன் மேலே போவது, எதன் கீழே நுழைவது என்பது அவன் கண்ணுக்கே தெரியவில்லை. நான் இழுத்துக் கட்டிய வேகத்தில் அட்டையும் நடுவில் வில்லாக வளைந்துவிட்டது.

இரண்டாவதில் அட்டையை இரட்டையாக ஒட்டினேன். அட்டைக்குள் ஓடும் நெளிவரி ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் இருக்கும்படி ஒட்டினால் வளையாது. இடைவெளியை ஒன்றரை செ.மீ. ஆக்கி ஒன்பது இழை கட்டினேன். விரலால் மீட்டினால் தொய்யாமலும், அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் அடியில் நுழையும்படியும் இருக்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடைக்கு என் பழைய பருத்திப் புடவையை இரண்டு விரற்கடை அகலத்தில் கிழித்த பட்டை. அதைக் கிழித்தவன் அவன்தான்.

இப்போது நுழைக்க முடிந்தது. ஆனால் அடுத்த வரியில் மேல் கீழ் மாறிப் போட வேண்டும் என்பது பிடிபடவில்லை. முதல் வரி போன வழியிலேயே இரண்டாம் வரியும் போனது, இழுத்தால் இரண்டும் உருவிக்கொண்டு வந்தன. "மேலே, கீழே, மேலே, கீழே" என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்வதை நிறுத்தினால் அவன் கையும் நின்றது. இது சரியில்லை என்று எனக்கே தோன்றியது. வேலையின் கணக்கு என் வாயில் இருந்தால் அவன் கைக்கு எப்படிப் போகும்?

வழி சொன்னது மறுபடியும் மாமாதான். "பாவிலேயே வண்ணம் வைத்துவிடு" என்றார். ஒரு இழை சிவப்பு, ஒரு இழை வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கட்டினோம். ஒரு வரியில் சிவப்பை எல்லாம் கையால் தூக்க வேண்டும், வெள்ளை படுத்திருக்கும். அடுத்த வரியில் வெள்ளையைத் தூக்க வேண்டும். பட்டையின் நுனியில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கட்டி நாடாவாக வைத்தோம். இப்போது அவன் யாரையும் கேட்கவில்லை. முகத்தை அட்டைக்கு அருகில் கொண்டுபோய், இடது கை ஆள்காட்டி விரலால் சிவப்பு இழையை மட்டும் கொக்கிபோலத் தூக்கி, அது வழுக்கி விழாமல் கட்டைவிரலால் ஓரத்தைத் தாங்கி, வலது கையால் குச்சியை நுழைத்தான். குச்சி பாதி போனதும் மறுபக்கம் அதை எடுக்க இடது கை விலக வேண்டும். விலகினால் இழை விழும். முதலில் இங்கே மாட்டிக்கொண்டு முழித்தான். பிறகு குச்சியே இழையைத் தாங்கும் என்பதைத் தானே கண்டுகொண்டு, அதைச் செருகியபடி விட்டுவிட்டு இடது கையை எடுத்தான். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஐந்தாறு வரிக்குப் பிறகு இன்னொரு குறை தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் அவன் ஆசையாக இழுத்து இறுக்கினான், ஓரங்கள் உள்வாங்கி துணி இடுப்பு ஒடுங்கியதுபோல ஆகிவிட்டது. "இழுக்காதே சாமி, நூலை மலைபோல வளைத்துப் படுக்க விடு, அப்புறம் தட்டு" என்று மாமா அவன் கையைப் பிடிக்காமல் தன் விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். ஊடையை வளைவாக விட்டு, பிறகு சீப்பால் தட்டினால் அந்த வளைவு நிமிரும்போது அகலம் குறையாது. பெரியவன் அதற்கு "ஏற்காட்டு மலை போடுகிறேன்" என்று பெயர் வைத்துக்கொண்டான். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும், அதுதான் அவனுக்குத் தெரிந்த மலை.

முதல் துண்டு முடிய பதினோரு நாள் ஆனது. உள்ளங்கை அகலம் இருக்கும். பால் டம்ளருக்கு அடியில் வைக்கிறான்.

கத்தரிக்கோல் பற்றி எனக்குப் பயம் இருந்தது, அதனால் புரட்டாசி வரை தள்ளிப்போட்டேன். அவ்வளவு தள்ளியிருக்க வேண்டியதில்லை. முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் மூன்று வயதிலேயே தாளை நறுக்கலாம். கோட்டின் மேல் வெட்ட நான்கு வயது, வட்டத்துக்கு அதற்கும் மேல். மெல்லிய தாள் கத்தரியின் இடையில் மடிந்துகொள்கிறது. நாள்காட்டியின் பின்னட்டையை இரண்டு செ.மீ. பட்டையாக வெட்டிக் கொடுத்தேன், ஒரு கடி கடித்தால் ஒரு துண்டு விழும். விழும் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும் என்பதற்கு நகத்தில் ஒரு மருதாணிப் பொட்டு வைத்து, "பொட்டு உன்னைப் பார்க்கிறதா?" என்று கேட்பேன்.

எதிர் வீட்டுப் பெண் குழந்தையும் இந்தச் சமயத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அதே வயது. மணி கோப்பதில் எங்கள் பையனைவிடக் கெட்டிக்காரி. கத்தரிக்கோல் எடுத்தால் மட்டும் தாள் வெட்டுப்படாமல் நசுங்கியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அன்றைய வழக்கப்படி பொருளைப் பார்த்தேன். அவள் இடது கையால் பிடித்திருந்தாள். சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்கென்றே செய்தது. வலது கையால் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். இடது கையால் அழுத்தினால் அவை விலகும், வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அவள் அம்மாவிடம் சொன்னேன். "கையை மாற்றிப் பிடிக்கச் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறந்த கையை மாற்றி அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கப் போகிறது? இடது கைக் கத்தரிக்கோல் என்று கேட்டே வாங்க வேண்டும். சின்னக்கடை வீதியில் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை, தபாலில் வரவழைத்தோம். அது வரும்வரை அவள் தாளைக் கிழித்தாள். வந்த அன்றைக்கு ஒரே மாலையில் ஒரு நாள்காட்டி அட்டை முழுவதையும் துண்டு துண்டாக்கிவிட்டாள்.

பல்லாங்குழியை நான் கைவேலையாக நினைத்ததே இல்லை. அம்மாயி ஒரு நாள் வந்தவர் புளியங்கொட்டை இருக்கிறதா என்று கேட்டபோதுதான் யோசித்தேன். ஒரு கை நிறையக் காய்களை அள்ளி, உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு காயை மட்டும் விரல் நுனிக்கு நகர்த்திக் குழியில் விட வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூடிப் பிடிக்க, மற்ற மூன்றும் வேலை செய்ய வேண்டும். பென்சில் பிடிக்கும்போதும் கை இப்படித்தான் இரண்டு பாதியாகப் பிரிகிறது. பலகை எங்கள் வீட்டில் இல்லை. முப்பது முட்டைத் தட்டில் ஒரு வரிக்கு ஆறு குழி, நமக்கு ஏழு வேண்டும். இரண்டு வரியை வெட்டி, மீதித் தட்டிலிருந்து ஒரு ஜோடிக் குழியை நறுக்கிக் கிழங்குப் பசையில் ஒட்டினோம். ஒட்டிய இடம் முதல் நாள் ஆட்டத்திலேயே பிய்ந்தது. அடியில் அட்டைப் பட்டை ஒன்று வைத்து மறுபடி ஒட்டி, ஒரு இரவு கல் வைத்து அழுத்திய பிறகு நின்றுவிட்டது. பெரியவன் ஆரம்பத்தில் இரண்டு காய்க்கு மேல் கைக்குள் வைத்திருக்க முடியாமல் சிந்தினான். ஐப்பசியில் ஐந்து காய் பிடிக்கிறான்.

புளியங்கொட்டை, பொத்தான், மணி இவற்றையெல்லாம் எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறேன். எங்கள் பாப்பாவுக்குப் பதினான்கு மாதம், கிடைப்பது எல்லாம் வாய்க்குத்தான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலைகள் அது தூங்கும் நேரத்தில்தான் நடக்க வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

பொத்தானுக்கு மாமாவின் பழைய சட்டை. மரியா மாண்டிசோரி வடிவமைத்த பயிற்சிப் பொருள்களில் பொத்தான் போடுவதற்கென்றே துணி கட்டிய மரச்சட்டம் ஒன்று உண்டு. 1939இல் அடையாறுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே அம்மையார்தான். மரச்சட்டத்துக்குப் பதில் சட்டையின் முன்பாகத்தை ஒரு தலையணையில் சுற்றித் தைத்துவிட்டேன். அணிந்திருக்கும் சட்டையில் பொத்தான் முகவாய்க்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மடியில் தலையணை இருந்தால் நேராகத் தெரியும். சட்டைப் பொத்தானை எடுத்துவிட்டுப் பெரிய கோட்டுப் பொத்தானாகத் தைத்து, துளையையும் அதற்கேற்ப அகலப்படுத்தினேன். துணியோடு ஒட்டித் தைக்காமல் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்துப் பிறகு குச்சியை உருவிவிட்டால், பொத்தானுக்குக் கீழே கழுத்து கிடைக்கிறது, சின்ன விரல் பிடிக்க வசதி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருளை மாற்றியும் பலனில்லாமல், ஒரு கையையே எப்போதும் உபயோகிக்காமல் வைத்திருக்கிற குழந்தையையும், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போகிற குழந்தையையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அங்கே அட்டைத் தறியை நம்பிக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை நோட்டை அலமாரியிலிருந்து அவனே எடுத்துக்கொண்டு வந்தான். எழுதவில்லை. மாமாவின் தறி எப்படி இருக்கும் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல வரைந்தான். நெட்டுக்குப் பல கோடு, குறுக்கே சில கோடு, குழிக்குள் இரண்டு கால். பென்சில் மூன்று விரலில் இருந்தது, நகம் வெளுக்கவில்லை. மாமா அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிதி போட மறந்துவிட்டாயே சாமி" என்றார். பென்சிலை மறுபடி எடுத்துக் காலுக்குக் கீழே இரண்டு கட்டை வரைந்தான்.

எதிர் வீட்டுப் பெண்ணும் தனக்கு ஒரு தறி கேட்கிறாள். அட்டை ஒட்டி அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவள் இடது பக்கத்திலிருந்து நாடா விடுவாள், அதனால் பட்டையை எந்த ஓரத்தில் கட்டுவது என்று நாளைக்கு மாமாவைக் கேட்க வேண்டும்.